ஒரு வாறுகால் மனு நகராட்சியில் போகும் வழி

நீங்கள் கேட்டது இது: "எங்கள் தெரு வாறுகால், அதாவது சாக்கடைக் கால்வாய், உடைந்து கழிவுநீர் வாசலில் நிற்கிறது. மனு கொடுத்து மூன்று மாதம் ஆகிவிட்டது. கேட்டால் 'மன்றக் கூட்டத்தில் வைக்கணும்' என்கிறார்கள். போன மாதக் கூட்டத்தில் நாற்பது பொருள் அரை மணி நேரத்தில் 'ஆல் பாஸ்' ஆனதாம். படித்துப் பார்க்காமலே எப்படி நிறைவேற்றுகிறார்கள்? எங்கள் வாறுகால் அதில் எங்கே இருக்கிறது?"

நான் இராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து நகராட்சிகளில் எழுத்தராகச் சேர்ந்து, பாதிக் காலம் மன்றப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். கூட்டத்தில் எடுக்கும் விஷயங்களின் பட்டியலான பொருள் நிரலைத் தயார் செய்வதும், கவுன்சிலர்களுக்கு அழைப்பு அனுப்புவதும், தீர்மானப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருப்பதும் அந்த மேசையின் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த அரை மணி நேரம். நாற்பது பொருளில் முப்பதுக்கு மேல் மாதாமாதம் ஒரே மாதிரிதான் இருக்கும். நீரேற்று நிலையத்தில் மோட்டார் காயில் எரிந்து, பழுது பார்த்த செலவு. பிளீச்சிங் பவுடர் வாங்கியது. குப்பை வண்டிக்கு டயர். கொசு ஒழிப்புக் களப்பணியாளர்களின் கூலி. பேருந்து நிலையக் கடை ஒன்றின் குத்தகை நீட்டிப்பு. ஆடி அமாவாசைக் கூட்டத்துக்குத் தற்காலிகக் கழிப்பறையும் தண்ணீர் லாரியும். நம் பக்கம் தெருவிளக்குச் செலவு கண்டிப்பாக இருக்கும். மதுரையில் வருடக்கணக்கில் நிற்கும் ஸ்விட்ச் பெட்டி நம் உப்புக்காற்றில் இரண்டு வாடைக்காற்றுப் பருவத்தைத் தாண்டுவதே பெரிது. கை வைத்தால் துரு கையோடு வரும். இதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினால் கூட்டம் ராத்திரி வரை போகும். இவை வேகமாக நிறைவேறுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த முப்பதின் வேகத்தில் மீதிப் பத்தும் சேர்ந்து ஓடிவிடுகிறதே, அதுதான் கெடுதல். வாறுகால், சாலை, கடை ஏலம், நிலத்தைக் கைமாற்றுவது எல்லாம் அந்தப் பத்தில்தான் இருக்கும்.

ஒரு பொருள் தாளில் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். மேலே வரிசை எண். அதன் கீழே பொருளின் தலைப்பு. அதற்கும் கீழே 'அலுவலகக் குறிப்பு' என்று பத்துப் பதினைந்து வரி. "இந்நகராட்சி இத்தனையாவது வார்டு இன்ன தெருவில் உள்ள வாறுகால் மிகவும் பழுதடைந்துள்ளதாகவும், அதனைப் புதிதாகக் கட்டித் தருமாறும் வார்டு உறுப்பினரும் பொதுமக்களும் கோரியுள்ளனர். மேற்படி பணிக்கு நகராட்சிப் பொறியாளரால் ரூபாய் இவ்வளவுக்கு மதிப்பீடு தயார் செய்யப்பட்டுள்ளது. செலவினத்தை இன்ன நிதியிலிருந்து மேற்கொள்ள மன்றத்தின் அனுமதிக்கு." இவ்வளவுதான். அடியில் நாலு விரல் இடம் காலியாக இருக்கும். கூட்டம் முடிந்ததும் அங்கே 'தீர்மானம்: அனுமதிக்கப்பட்டது' என்று ஏறும். 'ஒத்திவைக்கப்பட்டது', 'நிராகரிக்கப்பட்டது' என்பவை அபூர்வம்.

மன்றத்தில் கை தூக்குகிறவர்கள் முடிவு செய்வது அந்தக் குறிப்பை வைத்துத்தான். குறிப்பில் இருப்பதுதான் வேலையாக வரும். குறிப்பில் விட்டுப்போனது தெருவிலும் விட்டுப்போகும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு கடலோர நகராட்சியில், மீனவர் குடியிருப்பு ஒன்றுக்கு வாறுகால் வேலை பொருளாக வந்தது. பொறியியல் பிரிவில் இருந்து வந்த தாளில் 'சிற்றாலயம் முதல் ரேஷன் கடை வரை' என்று இருந்தது. அப்படியே எடுத்து எழுதி நிரலில் சேர்த்தேன். கூட்டத்தில் அந்த வார்டு உறுப்பினர் எழுந்தார். முதல் தடவை ஜெயித்து வந்த அம்மா, அவருக்கும் அதே தெருவில்தான் வீடு. "ஏன் சார், ரேஷன் கடை வரைக்கும் கட்டுறீங்க. அதுக்கப்புறம் தண்ணி எங்க போயி விழும்?" என்று கேட்டார். யாரோ "அதெல்லாம் இன்ஜினியர் பார்த்துக்குவாரும்மா, உட்காருங்க" என்றார்கள். அடுத்த பொருளுக்குப் போய்விட்டோம். நானும் வழக்கம்போல 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதினேன். அவர் கேட்ட கேள்வியை எழுதவில்லை.

வாறுகால் நன்றாகவே கட்டினார்கள். ஐப்பசி மழையில் ஐந்து தெருத் தண்ணீரும் அதன் வழியாக வந்து ரேஷன் கடை வாசலில் குளம் கட்டியது. அரிசி வாங்க வந்தவர்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் நின்றதை நான் போய்ப் பார்த்தேன். கடை தாண்டி நூறு மீட்டர் கட்ட மறுபடி மதிப்பீடு, மறுபடி தீர்மானம், மறுபடி டெண்டர். அது முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த அம்மா கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதியிருந்தால் பொறியியல் பிரிவு அதற்கு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். பதில் சொல்ல உட்கார்ந்திருந்தாலே தப்பு தெரிந்திருக்கும். எழுதாதது என் குற்றம். அதற்குப் பிறகு யார் எதைக் கேட்டாலும் சுருக்கமாகவாவது எழுதிவைத்தேன்.

நம் கடற்கரையில் 'தண்ணி எங்க போயி விழும்' என்பது லேசான கேள்வி இல்லை. தரை மட்டமாகக் கிடக்கிறது, தண்ணீர் ஓடுவதற்கான வாட்டம் கிடைப்பதே கஷ்டம். வாடை அடிக்கும் மாதங்களில் பாக் விரிகுடாவான வடகடல் பக்கம் தண்ணீர் ஏறி, வாறுகால் வாயிலேயே எதிர்த்து நிற்கும். சரி, கடலில் விட்டுவிடலாம் என்றால் அதுவும் முடியாது. ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் கடலில் விடுவதைக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை தடை செய்கிறது. 2011 அறிவிக்கையிலும் இருந்தது, 2019 அறிவிக்கையிலும் இருக்கிறது. தென்கடல் பக்கமோ 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறையும். ஆகவே இங்கே ஒரு வாறுகால் மதிப்பீட்டில் நீளம், அகலம், சிமெண்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியது அது முடியும் இடம். பழைய வாறுகால்கள் பல நேராகக் கடலில்தான் போய் விழுகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். புதிதாகக் கட்டும்போதாவது அதை யோசிக்க வேண்டும்.

அடுத்தது பணம். தீர்மானம் நிறைவேறிவிட்டால் வேலை வந்துவிட்டது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். தீர்மானம் ஒரு அனுமதி, அவ்வளவுதான். 'பொது நிதியிலிருந்து' என்று எழுதியிருந்தால் நகராட்சி தன் கையிலிருந்து செலவழிக்க வேண்டும். அந்தக் கை எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சொத்துவரி, காலிமனை வரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, பிறகு மாநில நிதிக்குழு மானியம், இவைதான் வரவு. இதில் சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம், குடிநீர் வாரியத்துக்குக் கட்ட வேண்டிய தொகை எல்லாம் முதலில் போய்விடும். காவிரித் தண்ணீர் திருச்சிப் பக்கமிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் நமக்கு வருகிறது இல்லையா, அதைக் குடிநீர் வடிகால் வாரியம் மொத்தமாகக் கொடுக்கும். லிட்டர் கணக்குப் பார்த்து நகராட்சி பணம் கட்ட வேண்டும். குடத்தை வைத்துத் தள்ளுவண்டி உருட்டிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தண்ணீரின் அருமை தெரியும்.

வசூலுக்கும் இங்கே ஒரு பருவம் உண்டு. சொத்துவரி அரையாண்டுக்கு ஒரு முறை. அரையாண்டின் முதல் மாதமான ஏப்ரலுக்குள்ளோ அக்டோபருக்குள்ளோ கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். ஆனால் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும்போது மீனவர் தெருவில் போய் வரி கேட்கும் பில் கலெக்டருக்கு என்ன பதில் கிடைக்கும்? ஊக்கத்தொகை அவர்களுக்குக் கிடைக்காமலே போகிறது. படகு மறுபடி கடலுக்குப் போன பிறகுதான் கட்டுவார்கள். வரி கட்ட மனம் இல்லாத தெரு என்று அலுவலகத்தில் சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது நியாயமில்லாத பேச்சு.

அதனால் உங்கள் வேலை எந்த நிதியில் போகிறது என்று கேளுங்கள். பொது நிதி என்றால் தாமதம் ஆகலாம். மத்திய நிதி ஆணைய மானியம் என்றால் அதில் ஒரு பகுதி குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. கழிவுநீர் வேலையை அதற்குள் கொண்டுவர முடியுமா என்று பொறியாளரிடம் கேட்கலாம். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி ஒரு வழி. 'நமக்கு நாமே' திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் போட்டால் மீதியை அரசு தரும். ஜமாஅத்தோ ஊர்க் கமிட்டியோ வெளிநாட்டில் சம்பாதிக்கும் பிள்ளைகளோ முன்வந்தால் அந்த வழி நடக்கக்கூடியதுதான். ஆனால் வரி கட்டுகிறவர்கள் வாறுகாலுக்கும் தனியாகப் பணம் போட வேண்டுமா என்ற வருத்தம் நியாயமானது, அதை நான் மறுக்க மாட்டேன்.

தீர்மானத்துக்குப் பிறகு தொழில்நுட்ப அனுமதி, அப்புறம் டெண்டர். 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி அறிவிப்பு போட்டு, குறைந்த தொகை கேட்டவருக்குத்தான் கொடுக்க வேண்டும். சின்ன வேலை என்றால் ஒருவரும் கேட்காமல் போவதும் உண்டு. பழைய பில் பாக்கி இருக்கும் நகராட்சியில் ஒப்பந்ததாரர்கள் கிட்டவே வர மாட்டார்கள். அப்போது மறு டெண்டர். உங்கள் மூன்று மாதம் இதிலேயே கரைந்திருக்கலாம். வேலை நடக்கும்போது அளவெடுத்து எழுதும் புத்தகம் ஒன்று உண்டு, எம்-புக் என்பார்கள். அதில் எழுதிய அளவுக்குத்தான் பில். கட்டும்போது தெருக்காரர் ஒருவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றால் போதும், வேலை ஒழுங்காக நடக்கும். இது நான் பல தடவை பார்த்தது.

நிரல் உங்கள் கைக்குக் கிடைத்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். 'தலைவரின் முன்அனுமதி பெற்று மேற்கொள்ளப்பட்டது, மன்றம் பதிவு செய்து கொள்ள' என்று வரும் பொருள்கள். அதாவது செலவு ஏற்கெனவே நடந்துவிட்டது, இப்போது ஒப்புக்கு வருகிறது. இது அவசரத்துக்கான வழி. புயல் எச்சரிக்கை வந்து ராத்திரியோடு ராத்திரியாக மரம் வெட்ட ஆள் வைப்பது, மோட்டார் எரிந்து ஊரே தண்ணீர் இல்லாமல் கிடப்பது, இதற்கெல்லாம் மாதக் கூட்டம் வரை காத்திருக்க முடியாது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போன கடற்கரை இது. அவசரம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஆனால் நாற்காலி வாங்கியதும் சுவருக்கு வெள்ளை அடித்ததும் அந்தத் தலைப்பில் வந்தால் உறுப்பினர் எழுந்து கேட்க வேண்டும். ஒரு கூட்டத்தில் இப்படிப்பட்ட பொருள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் ஏறினால் நிர்வாகம் கூட்டத்தை மதிக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

மன்றமே இல்லாத காலமும் இருந்தது. 2011இல் தேர்ந்தெடுத்த மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19இல்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்துக்கு மேல் அரசு நியமித்த தனி அலுவலரே மன்றமாக இருந்து தீர்மானம் போட்டார். அந்த வருடங்களின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால் ஒரே கையெழுத்துதான் இருக்கும். எதிர்க்கேள்வி கேட்க ஒருவர்கூட இல்லை. வார்டில் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் ஜனங்கள் நேராக அலுவலகத்துக்கு வந்து, எந்த மேசை என்று தெரியாமல் வராண்டாவிலேயே நின்றார்கள். அதைப் பார்த்ததால் சொல்கிறேன், அரை மணி நேரக் கூட்டமானாலும் கூட்டம் இருப்பது பெரிய காரியம். அதுவும் இப்போது இடங்களில் பாதி பெண்களுக்கு என்று ஆன பிறகு, தண்ணீரும் வாறுகாலும் பற்றிக் கேள்வி கேட்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள்.

எல்லாமே மன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. பிறப்பு, இறப்புப் பதிவு, சொத்துவரிப் பெயர் மாற்றம், அடைத்த வாறுகாலைத் தூர்வாருவது, எரியாத விளக்கு எல்லாம் அலுவலகமே செய்ய வேண்டியவை. அதற்கு 'கூட்டத்தில் வைக்கணும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் விஷயத்திலும் புதிதாகக் கட்டுவதற்குத்தான் தீர்மானம் வேண்டும். வாசலில் நிற்கும் கழிவுநீரை இன்றைக்கு எடுத்துவிட ஒரு தீர்மானமும் வேண்டாம். அது சுகாதாரப் பிரிவின் வேலை. சுகாதார ஆய்வாளரிடம் தனி மனுவாகக் கொடுங்கள்.

இன்னொரு குழப்பம், ரோடு யாருடையது என்பது. நம் பக்கம் இது ரொம்பவே உண்டு. மண்டபத்திலிருந்து இராமேசுவரம் வரை ஒரே ரோட்டில் போனாலும், மண்டபம் பேரூராட்சி, பாலம் தாண்டினால் பாம்பனும் தங்கச்சிமடமும் ஊராட்சி, கடைசியில் இராமேசுவரம் நகராட்சி. பேருந்து போகும் பெரிய ரோடு தேசிய நெடுஞ்சாலை. இடையில் ரயில்வே நிலம், கோவில் நிலம், வனத்துறை நிலம் வேறு. உங்கள் வாறுகால் போய்ச் சேரும் இடம் வேறு துறையின் நிலத்தில் இருந்தால் நகராட்சி அவர்களிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். அந்தக் கடிதம் போயிருக்கிறதா என்று கேட்டால் பல கோப்புகளின் முடிச்சு அவிழும். ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராமசபை இருக்கிறது. நகராட்சியில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை என்று ஒன்று 2022இல் இருந்து இருக்கிறது, வார்டுக்குள்ளேயே கூடும். அதில் எழுதிக் கொடுத்தால் பதிவாகும். போகிறவர்கள் குறைவாக இருப்பது எனக்கு வருத்தம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. கொடுத்த மனுவின் வரவு எண்ணைத் தேடி எடுங்கள். எண் இல்லாவிட்டால் புதிதாக எழுதி, தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். 'வாறுகால் சரியில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தக் கதவிலக்கத்தில் தொடங்குகிறது, எத்தனை அடி உடைந்திருக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது, கடைசியில் எங்கே விழுந்தது, இப்போது எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். கையால் ஒரு படம் போட்டு இணையுங்கள். ஒரு பிரதி ஆணையாளருக்கு, ஒன்று பொறியாளருக்கு, ஒன்று உங்கள் கவுன்சிலருக்கு. அலுவலகக் குறிப்பு எழுதுகிறவர் உங்கள் தெருவைப் பார்த்திருக்க மாட்டார். உங்கள் மனுவில் இருக்கும் வரிகள்தான் குறிப்புக்குள் போகும்.

பதினைந்து நாள் கழித்துப் பொறியியல் பிரிவில் மதிப்பீடு போட்டாயிற்றா என்று கேளுங்கள். போட்டிருந்தால், எந்த நிதி, எது முதல் எதுவரை என்று குறித்துக்கொள்ளுங்கள். சரியான பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மதிப்பீட்டு நகலும் தீர்மான நகலும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கவுன்சிலரிடம் கோபப்பட வேண்டாம். பொருளாக வரும் மாதம் அந்தத் தாளின் நகலை அவரிடம் கேட்டு வாங்கி, தெருவில் நாலு பேர் உட்கார்ந்து படியுங்கள். அதில் ஒரு தப்பு இருந்தால் கூட்டத்தில் அதை எழுந்து சொல்லச் சொல்லுங்கள். சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லியும் அவர் கேட்க வேண்டும். மன்றப் பிரிவில் இருப்பவர் பேனாவை எடுக்கும் வரை அவர் உட்கார வேண்டாம்.